காட்டோரக் கடைக்கு அபிப்பிராயம் கேட்கப் போனேன்

மற்றவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதுகிற தொழிலில் உள்ள பெரிய கஷ்டம், கேட்கிறவள் மேல்தான் எல்லாருக்கும் முதல் சந்தேகம் விழும் என்பது. அம்மைப்பால் குத்தப் போனவர்கள், குடிசனக் கணக்கு எடுத்தவர்கள், தேர்தல் நேரத்தில் படி ஏறி இறங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கதவு திறக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். முதலில் ஒரு விரல் அகலம் திறக்கும். அப்புறம் ஒரு கண் தெரியும். அப்புறம், "யாரு அனுப்பினா?"

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே இருக்கிறது. தேயிலை முடிகிற இடத்தில் அரசாங்கத்தின் ரிசவ் காடு தொடங்குகிறது; அதில் ஒரு கிளையை முறிக்கவும் சட்டம் இடம் தராது. காட்டை ஒட்டி, ரோட்டு வளைவில், கொஞ்சம் வெறும் நிலம் கிடக்கிறது. அங்கே மரம் அறுக்கிற மில்லும் லொறி கராஜும் ஒரு வரிசைக் கடைகளும் கட்ட, டவுன் முதலாளி ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். காட்டுக்குள்ளிருந்து வருகிற ஓடை அந்த வளைவைத் தொட்டுக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. அதைத் தகரக் குழாய் வைத்துத் திருப்பி விட்டிருப்பதுதான் எங்கள் பீலி. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் எங்கள் குவார்ட்டஸுக்கும் அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. என் பாப்பாவுக்குப் பால்மா கரைப்பதும் அதில்தான்.

அனுமதி கொடுக்கும் முன்னால் சுற்றுவட்டாரத்து மக்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும்படி அரசாங்கக் கந்தோரில் முடிவு செய்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்த புண்ணியத்தில் எனக்கு மூன்று பாஷையும் வரும். என் வீட்டுக்காரர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், லயத்துக்கு டொக்டரையா; அதனால் ஆளும் தெரிந்த ஆள். தற்காலிக மொழிபெயர்ப்பாளர் என்று என்னைப் போட்டார்கள். நானோ கைக்குழந்தைக்காரி. ஜீப் சத்தம் கேட்டாலே அடுப்பங்கரைக்குள் போய்விடுகிற சுபாவம். இதைக்கூட பாப்பா தூங்கிய பிறகு, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதல் கதவு

மேல் லயத்தில் முதல் காம்பராவில் இருப்பவள் முனியம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், வாய்க்குப் பேர் போனவள். அவளே வாயை மூடிக்கொண்டால் மற்றவர்களிடம் என்ன கேட்க முடியும்? என்னைக் கண்டதும் அடுப்பில் இருந்த ரொட்டியைக்கூடக் கவனிக்காமல் வாசலை மறைத்து நின்றுகொண்டாள்.

"பிரஜாவுரிமை விசயமாங்க?"

"இல்லம்மா. மேலே வளைவில் கடையும் மில்லும் கட்டப் போகிறார்களாம். உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கச் சொன்னார்கள்."

"எங்ககிட்டயா? தோட்டத்துச் சனங்ககிட்டயா?" என்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் அதற்குள் கம்பளியை இழுத்துத் தலையோடு போர்த்திப் படுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும் என்பதுதான் லயத்தின் அனுபவம். முனியம்மா வாசலை விட்டு விலகி, பணிவாக வழி விட்டாள்.

"எங்க காம்பராவுல அப்புடி ஒண்ணும் கெடையாதுங்கம்மா. நம்பிக்கை இல்லேன்னா உள்ள வந்து தேடிப் பாத்துக்கங்க."

பேச்சு வேறு, பேனா வேறு

நான் பேனாவை வெளியே எடுக்காத வரைக்கும் எல்லாரும் தாராளமாகப் பேசினார்கள். மில் வந்தால் இரவெல்லாம் மரம் அறுக்கிற வாள் இரையும், லொறிக்காரர்கள் குடித்துவிட்டுக் கிடப்பார்கள், கொழுந்துக்குப் போகிற பெண் பிள்ளைகள் அந்த வளைவால் நடக்க முடியாது என்று அடுக்கினார்கள். பேனா மூடியைத் திருகினேனோ இல்லையோ, அத்தனை பேருக்கும் மாட்டைக் கட்டுகிற வேலை வந்துவிடும்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கறுப்பையா என்பவர் மட்டும் நகரவில்லை. அவர்தான் எல்லாரையும்விடக் கோபமாகப் பேசியிருந்தார். "நீங்கள் சொன்னதையே எழுதுகிறேன், அண்ணே. கீழே ஒரு அடையாளம் போட்டால் போதும்" என்றேன். அவர் கையை மெதுவாகக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். தோட்டத்துச் சனங்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது; அதில் பெருவிரல் வைத்தவர் அவர். அதற்குப் பிறகு வந்த பதிலை அவருக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

"வாயில என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா, பொழுது விடியிற வரைக்கும் சொல்றேன். வெரல மட்டும் கேக்காதீங்க."

வழியில் வந்த விறகு

காட்டை ஒட்டிய குறுக்குப் பாதையில் மூன்று பெண்கள் தலையில் விறகுக் கட்டுடன் எதிரே வந்தார்கள். கட்டிலிருந்து பாசித் தண்ணீர் முகத்தில் வடிந்துகொண்டிருந்தது. நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்து, "இந்தக் காட்டினால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

இப்படிக் கேட்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தக் காடுங்க?"

"இதோ, பின்னால் இருக்கிறதே."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒன்று அங்கே இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்கிற மாதிரி நின்றார்கள். நடுவில் இருந்தவள் என்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். காட்டுக் காவலர் எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார் என்று தேடியிருக்க வேண்டும். நான் ஒன்றும் கேட்காமலே கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இது அங்கன வெட்டுனது இல்லீங்கம்மா. நாங்க வந்துக்கிட்டு இருந்தோம், இதுவும் வந்துக்கிட்டு இருந்துச்சு."

நாட்டுக்காரப் பெண்

ஓடை எங்கள் லயங்களைத் தாண்டிக் கீழே, நாங்கள் நாட்டுக்காரர் என்று சொல்லுகிற சிங்களக் கிராமத்தாரின் மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிறது. அங்கே பொடிமெனிக்கே என்பவள் லீக்ஸ் போட்டிருந்தாள். அவளிடம் சிங்களத்தில் கேட்டேன். தோட்டத்துப் பக்கமிருந்து ஒருத்தி இறங்கி வந்து சிங்களம் பேசுவதே அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, சேலை முதல் செருப்பு வரை பார்த்தாள்.

கடைகள் வந்தால் தன் லீக்ஸை வலப்பனைச் சந்தை வரைக்கும் சுமக்க வேண்டியதில்லை என்று ஒத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது, உடனே போய்விட்டது. அந்த வரிசையில் தன் ஊர்க்காரருக்கு ஒரு கடையாவது கிடைக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தண்ணீரை மில்லுக்குத் திருப்புவார்களா என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியாது.

"நல்ல காரியமாக இருந்தால் முதலாளியே வந்து சொல்லியிருப்பான், நோனா. ஒன்றும் தெரியாத உன்னை ஏன் அனுப்பினான்?"

ஒரே ஒரு ஆமாம்

எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் என்று எழுதினால் அது பொய். கறுப்பையாவின் மகன் சுந்தரம் மில் வேண்டும் என்று நேராகவே சொன்னான். பேனாவைக் கண்டும் ஓடவில்லை. தன் பெயரைத் தெளிவாக எழுதச் சொன்னான். எட்டாவது வரை படித்தவன். மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

"காடு அழிந்தால் தண்ணீர் போய்விடுமே, தம்பி?" என்றேன். இது நான் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அபிப்பிராயம் கேட்கப் போகிறவளுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் வீட்டில் பால் போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவளுக்கு நாக்கு எங்கே அடங்கும்? சுந்தரம் என்னைக் கோபிக்கவில்லை. கத்தியைத் துடைத்தபடியே, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான்.

"அந்தத் தண்ணிய குடிச்சிட்டுத்தான் எங்கப்பா அம்புட்டு வருசமும் இந்த மலைய விட்டு எறங்கல. எனக்கு எறங்கணும்க்கா."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவனுக்கு எதிராக ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

பீலிக்கரையில்

போன மழைக்காலத்தில் அந்த வளைவைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள். மண்ணை ஓடைப் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். பீலியில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்தது. அப்புறம் டிஸ்பென்சரி வாசலில் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் வந்து நின்றார்கள். என் பாப்பா அப்போது வயிற்றில் இருந்தாள். அடுத்தாற்போல் இருக்கிற குவார்ட்டஸில் நான் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த அழுகை பலகைச் சுவர் வழியாக வரும். வயிற்றுப்போக்கில் இரண்டாம் லயத்து லெட்சுமியின் குழந்தை போய்விட்டது. நடக்கத் தொடங்கியிருந்த பெண் குழந்தை.

லெட்சுமியிடம் கேட்கப் போக மனமில்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் பீலிக்கரையிலேயே அகப்பட்டுக்கொண்டேன். அவள் குடம் நிறைகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வியை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தேன். குடம் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"மேல ஒருத்தன் கை கழுவுனா அத கீழ எம்புள்ள குடிக்கணும். இதுல என்னத்தம்மா அபிப்பிராயம் கேக்குறீங்க?"

கூடையோடு வந்தவர்

வீராசாமிக் கங்காணி இருநூறு பேரை வேலை வாங்குகிறவர். எங்கள் குவார்ட்டஸுக்கு வராத மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடை நிறையக் கரட்டும் லீக்ஸுமாக வந்து நின்றார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க. பாப்பா சொகமா?"

சுகம் என்றேன். மில் வந்தால் தோட்டத்துக்கே நல்லது என்றார். சனங்களும் வேண்டும் என்றுதான் சொல்லும், கேட்கிற விதத்தில் கேட்டால், என்றார். "உங்களுக்கும் அங்கே ஒரு கடை கிடைக்கும் போலிருக்கிறதே?" என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். கங்காணி வாய்விட்டுச் சிரித்தார். "சின்னதா ஒரு தேத்தண்ணிக் கடைங்க. அதுவும் மச்சான் பேருல."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கரட்டை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். மருந்து கலக்குகிறவர்களுக்கு அப்படி ஒரு புத்தி. சமைக்க வேண்டாம் என்று கூடையைக் கொல்லைப்புறம் வைத்துவிட்டார். எனக்குக் கரட்டைப் பற்றிப் பயமில்லை. படலையைச் சாத்திக்கொண்டே கங்காணி சொல்லிவிட்டுப் போனதுதான் கேட்டுக்கொண்டே இருந்தது.

"டொக்டரையாவ இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் புடிக்கும்மா. தொரைக்கும் புடிக்கணும்ல?"

தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் பிடிக்காமல் போனால் இந்தக் குவார்ட்டஸும் இல்லை, வேலையும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

பெரட்டுக்களத்தில்

சுந்தரத்தைத் தவிரக் கையெழுத்து வைக்க ஆளில்லை என்று நான் சொன்னதும் அதிகாரி சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தார். எல்லாரையும் தோட்டத்து ஒபிஸ் வராந்தாவுக்கு எதிரே உள்ள பெரட்டுக்களத்துக்கு வரச் சொன்னார். தினமும் விடியலில் ஆட்கள் தங்கள் தங்கள் கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நின்று பேர் கொடுத்து, வேலைக்குப் பிரிகிற மைதானம் அது. கடைகள் வேண்டும் என்பவர்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் நிற்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் மதில் பக்கம் நிற்க வேண்டும். இதை நான் தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

வீராசாமிக் கங்காணி துப்பட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மடுவத்துப் பக்கம் போய் நின்றார். அவர் பின்னால் அவருடைய ஆட்கள் போனார்கள். மற்ற இரண்டு கங்காணிமாரும் அங்கே போனார்கள், அவர்களுடைய ஆட்களும் போனார்கள். கறுப்பையா போனார், முனியம்மா போனாள். லெட்சுமியும் தலையைக் குனிந்துகொண்டு போய், தினமும் நிற்கிற அதே இடத்தில் நின்றாள். மதில் பக்கம் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதிகாரி திருப்தியாகப் பேனாவைத் திறந்தார்.

இது அபிப்பிராயம் இல்லை, பெரட்டு. கங்காணி நிற்கிற இடத்தை விட்டு விலகி நின்றால் அன்றைக்குப் பேரும் கிடையாது, கூலியும் கிடையாது என்று பிறந்தது முதல் பழகிய கால்கள். அதை நான் எப்படிச் சொல்வது? கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. அதுதான் எனக்கு வழி காட்டியது. அதிகாரியிடம் சிங்களத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னேன்: "சேர், கங்காணிமார் தோட்டத்தில் பெரியவர்கள். அவர்களை மழையில் நிறுத்துவது நன்றாக இல்லை. உங்களோடு வராந்தாவில் உட்கார வைக்கலாமே." அவருக்கும் அது சரியென்று பட்டது. ஒபிஸிலிருந்து நாற்காலிகள் வந்தன. அதிகாரிக்குச் சமமாக, அத்தனை சனத்துக்கும் முன்னால் போட்ட நாற்காலியை வேண்டாம் என்று சொல்லுகிற கங்காணி எந்தத் தோட்டத்திலும் இல்லை. மூவரும் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"வரிசை கலைந்துவிட்டது, சேர். இன்னொரு தரம் கேட்கட்டுமா?" என்றேன். தலையசைத்தார். கேட்டேன். தலை இல்லாத வரிசைகள் திகைத்து நின்றன. "யாரு பின்னால நிக்கிறது?" என்று ஒரு குரல் கேட்டது. அப்போது லெட்சுமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து மதிலோரம் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு தாயாகப் போனார்கள். பிறகு முனியம்மா போனாள், கறுப்பையா போனார், பெரிய கூட்டமே போனது. மடுவத்துப் பக்கம் சுந்தரமும் அவன் கூட்டாளிகளும், கங்காணியின் சொந்தக்காரர்களும் நின்றார்கள். சுந்தரம் அப்பாவைப் பார்க்காமல் நின்றான். அப்பாவும் அவனைப் பார்க்கவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தால் மரியாதை போய்விடும், உட்கார்ந்திருந்தால் கடை போய்விடும். கங்காணி எழாமல் உட்கார்ந்தபடியே என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா உக்கார வச்சீங்கம்மா."

யார் யாருடைய தண்ணீர்

எண்ணி முடித்த பிறகு அதிகாரி என்னிடம் தணிந்த குரலில் இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னார். இவர்களில் பிரஜாவுரிமை உள்ளவர்கள் யார்? அவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். நான் மொழிபெயர்த்தேன், அது என் வேலை. வாக்கியம் முடியவில்லை, மதிலோரத்துக் கூட்டம் லயத்துப் பக்கம் கரைய ஆரம்பித்துவிட்டது. தலைகளைத் தாழ்த்திக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவினார்கள். லெட்சுமி மட்டும் போகவில்லை.

"ஐயாகிட்ட கேளுங்கம்மா," என்றாள். "பிரஜாவுரிமை இல்லாதவங்களுக்குன்னு தனியா ஒரு பீலி ஓடுதான்னு கேளுங்க."

இதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொந்தமாகச் சொல்ல எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அவள் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் சொன்னேன். அதிகாரி அவளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார், என் வீட்டுக்காரரின் வேலை போயிற்று என்று நினைத்தேன். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அந்தத் தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறதென்று எனக்குக் காட்டச் சொல்லுங்கள்."

செங்கல் லொறி

போய்ப் பார்த்தார். வளைவிலிருந்து ஒரு கல்லை உருட்டினால் அது நேரே ஓடைக்குள் விழுவதையும் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பிறகு நெடுநாள் சத்தமே இல்லை. கங்காணி இருமலுக்குக்கூட எங்கள் டிஸ்பென்சரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். துரையிடமிருந்து ஆள் வந்தால் என் வீட்டுக்காரர் சட்டை மாட்டும்போதே வெளிறிப் போவார். ஒரு நாள் அறிவித்தல் வந்தது. காட்டோரத்தில் அனுமதி இல்லையாம். முதலாளி டவுன் பக்கம், பாலத்தைத் தாண்டிக் கீழே இடம் பார்த்துக்கொள்ளலாமாம். என் வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை உண்மையானதுதானா என்று சோதித்தார். வளைவில் இறக்கி வைத்திருந்த செங்கல்லை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதை நான் கண்ணால் கண்டேன்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடினேன். முனியம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் லொறி போன திசையைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏத்துனவனுக்கு எறக்கத் தெரியாதாக்கும்? எதுக்கும் நீங்க பாப்பாவுக்குத் தண்ணிய காய்ச்சியே குடுங்கம்மா."

என் தற்காலிக வேலை அன்றோடு முடிந்துவிட்டது. அடுப்பில் தண்ணீர் மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.